புட்டி–பிளாட்: ஓர் அறுவைக்கு இரங்கல்

அடிக்கடி கழலும் தோளுக்குச் செய்யும் புட்டி–பிளாட் அறுவை காலமாகிவிட்டது. இன்ன நாளில் என்று சொல்வதற்கில்லை. அறுவைகளுக்கு யாரும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டுவதில்லை. மூத்த சர்ஜன் ஒருவர் செய்வதை விட்டுவிடுவார். அவரிடம் படித்தவர் அதை ஒருமுறைகூடப் பார்க்காமல் தேர்வு எழுதித் தேறுவார். பிறகு பாடநூலில் அதற்கு மிஞ்சுவது, பழைய முறைகள் என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரி.

இளவயதில் ஒருமுறை விழுந்து "தோள் இறங்கிடுச்சு" என்று வருபவர்களில் பலருக்கு அது ஒருமுறையோடு நிற்காது. அடுத்த தடவை பந்து எறியும்போது, அதற்கடுத்த தடவை தூக்கத்தில் புரளும்போதே கழன்றுவிடும். அந்த மூட்டின் அமைப்பு அப்படி. அகல் விளக்கின் மேல் எலுமிச்சம்பழத்தை நிறுத்தியதுபோல, சின்னக் குழியில் பெரிய பந்து. குழியின் விளிம்பில் ஓடும் குருத்தெலும்பு வளையமும், சுற்றியுள்ள சவ்வுப் பையும், தசைகளும்தான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. பந்து முன்பக்கமாக நழுவும்போது அந்த வளையம் எலும்பிலிருந்து பிய்ந்துவிடுகிறது. ஜெர்மனியின் பெர்த்தஸ் 1906-லேயே இதைச் சொன்னார். லண்டனின் பாங்கார்ட் 1923-இல் சொன்னபோதுதான் ஊர் காதுகொடுத்தது.

மறைந்த அறுவைக்கு அப்பா இரண்டு பேர். பொலோஞாவின் ரிட்சோலி நிலையத்தில் விட்டோரியோ புட்டி, மான்செஸ்டரில் ஹாரி பிளாட். 1920-களின் நடுவில் இருவரும் தனித்தனியே ஒரே வழிக்கு வந்தார்கள். இருவருமே அதை எழுதி வெளியிடவில்லை. பிளாட்டின் சீடர் ஆஸ்மண்ட்-கிளார்க் 1948-இல் எழுதிய பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அதற்குள் புட்டி இறந்து எட்டு ஆண்டு. பிளாட் நூறு வயது வாழ்ந்து 1986-இல் போனார். தன் பிள்ளை நோயில் விழுந்ததை அவர் கண்ணாலேயே பார்த்திருக்கக்கூடும்.

செய்முறை எளிது. தோளின் முன்புறம் திறந்து, சப்ஸ்காபுலாரிஸ் என்ற தசையையும் அடியிலுள்ள சவ்வுப் பையையும் வெட்டுவார்கள். வெளிப்பக்க முனையைக் குழி விளிம்புத் திசுவில் தைத்து, உள்பக்க முனையை அதன்மேல் மடித்து இன்னொரு தையல். பிறகு சில வாரம் கையை மார்போடு சேர்த்துக் கட்டு. பிய்ந்த வளையத்தைத் தேடிப் பிடித்து ஒட்டவைக்கும் வேலை இதில் கிடையாது. முன்பக்கத்தைச் சுருக்கிவிட்டால் கை வெளிப்புறம் திரும்பாது, திரும்பாத கை கழலாது.

இந்தத் தந்திரத்துக்கு வயது அதிகம். அடிக்கடி தோள் கழல்பவனுக்கு அக்குளில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போடும் முறை ஹிப்போக்ரடீஸ் பெயரிலுள்ள நூல்களில் விரிவாகவே இருக்கிறது. தழும்பு இறுகி மூட்டைப் பிடித்துக்கொள்ளும் என்பது கணக்கு. தவறான இடத்தில் சுட்டு நிலைமையை மோசமாக்கும் வைத்தியர்களுக்கு அதில் திட்டும் விழுகிறது. இரும்புக்குப் பதில் நூல் வந்தது, யோசனை மாறவில்லை.

ஏழை ஊர்களுக்கு இது வாகான அறுவை. பிய்ந்த வளையத்தை எலும்போடு தைக்கும் பாங்கார்ட் வழியில் போனால், ஆழமான குறுகிய குழிக்குள் எலும்பு விளிம்பில் துளை போட்டு நூல் கோக்க வேண்டும். கை தேர்ந்தவரையும் வியர்க்க வைக்கும் வேலை. புட்டி–பிளாட்டுக்குக் கத்தி, ஊசி, நூல் போதும். மியான்மரின் யாங்கூனை, அதாவது பழைய ரங்கூனை, நினைத்துப் பாருங்கள். அதன் மருத்துவக் கல்வி பிரிட்டிஷ் வார்ப்பு. 1962 ராணுவப் புரட்சிக்குப் பிறகு நாடே கதவைச் சாத்திக்கொண்டது, வெளியிலிருந்து வரவேண்டிய ஒவ்வொரு திருகாணிக்கும் திண்டாட்டம். இறக்குமதி எதையும் கேட்காத ஓர் அறுவையை அங்கே யார் குறை சொல்வார்கள்?

குறை நோயாளியின் கையில் இருந்தது. தோள் மறுபடி இறங்கவில்லை, உண்மை. சர்ஜன் அதைத்தான் கேட்டார், "இல்லை" என்ற பதிலைக் குறித்துக்கொண்டார். லுங்கியை முன்னால் முடிய முடிகிறது, சோறு உண்ண முடிகிறது. ஆனால் நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி வரும் பர்மியத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்ஜானில் கையைப் பின்னுக்கு ஓங்கித் தண்ணீர் வீச முடியாது. ஓடுகிற பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்குவது சிரமம். மறுபடி கழலவில்லையா என்ற ஒரே கேள்வியில் ஓர் அறுவையை அரை நூற்றாண்டு பாஸ் போட்டதுதான் எனக்கு உறுத்தல்.

1978-இல் அமெரிக்காவின் ரோ குழுவினர், பாங்கார்ட் முறையில் சரிசெய்த 145 தோள்களை நீண்ட காலம் கழித்துப் பார்த்தார்கள். மீண்டும் கழன்றவை 3.5 சதவீதம்தான், பெரும்பாலோருக்கு அசைவும் முழுசாக இருந்தது. அதாவது, கையைக் கட்டிப்போட வேண்டிய அவசியமே இல்லை. 1990-இல் ஹாக்கின்ஸும் ஏஞ்சலோவும் இன்னும் கசப்பான செய்தி சொன்னார்கள். முன்பக்கம் இறுக்கித் தைத்ததால் பந்து பின்னுக்குத் தள்ளப்பட்டு, வருடங்கள் கழித்து மூட்டே தேய்ந்துபோகிறது. எலும்பில் பதிக்கும் நங்கூர ஊசிகளும் துளைவழி அறுவையும் வந்ததும் கதை முடிந்தது.

வாரிசுகளில் துளைவழி பாங்கார்ட் பெயர்பெற்றது. எல்லாத் தோளுக்கும் அது பொருந்தாது. 2000-இல் பர்க்கார்ட்டும் டி பீரும் வெளியிட்ட கணக்கில், எலும்பு பெரிதாகத் தேயாதவர்களுக்கு மறுகழற்சி 4 சதவீதம், தேய்ந்தவர்களுக்கு 67. இரண்டாம் வகையினருக்கு லியோனின் மிஷேல் லடார்ஷே 1954-இல் சொன்ன வழி நல்லது: பக்கத்திலுள்ள எலும்புக் கொக்கியை அதன் தசைநாரோடு வெட்டியெடுத்துக் குழி விளிம்பில் திருகாணியால் பொருத்துவது. கேமராவும் நங்கூரமும் டாலர் விலையில் வரும் யாங்கூனுக்கு, இரண்டு திருகாணியில் முடியும் இந்தத் திறந்த அறுவை ஒத்துவரும் என்பது என் எண்ணம். ஆனால் பழகிய கை வேண்டும். பக்கத்திலேயே நரம்பு ஓடுகிறது. 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு அரசு மருத்துவமனைகளை விட்டு வெளியேறிய மருத்துவர்களோடு அப்படிப்பட்ட கைகளும் போயிருக்கும்.

மறைந்த அறுவையைச் சுமப்பவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள், பெரும்பாலும் வயதானவர்கள். தோளின் முன்புறம் அக்குள் மடிப்பை நோக்கி இறங்கும் நீளத் தழும்பும், விலாவோடு ஒட்டிய முழங்கையும் அடையாளம். வலி பொறுக்காமல் வந்தால், தேய்மானம் அளவாக இருக்கும்பட்சத்தில், அன்று சுருக்கிய அதே தசையைத் திறந்து நீட்டித் தைக்கிறார்கள். ஒரு சென்டிமீட்டர் நீட்டினால் கை சுமார் 20 டிகிரி வெளியே திரும்பும்.