குறுக்கு விசாரணைக்கு எழுந்தவர்

மீட்டிங்குல "ஒவ்வொருத்தரா அறிமுகப்படுத்திக்குங்க"ன்னு சொன்னாலே எனக்கு நாக்கு உலர்ந்துடும். சொந்தப் பேரைச் சொல்ல எதுக்குங்க இவ்வளவு வேர்வை? போன வாரமும் அதே கதை. அன்னிக்கு ராத்திரி சத்திய சோதனையைப் புரட்டினப்பதான் கொஞ்சம் மூச்சு வந்துச்சு. காந்தி நம்ம கட்சி மக்களே!

ராஜ்கோட்டில் பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்கு ஒரே ஓட்டமாம். யாராவது பேச்சுக் கொடுத்து, கேலி பண்ணிடுவாங்களோன்னு பயம். 1888-ல் சட்டம் படிக்க லண்டன் போனார். கூச்சமும் கூடவே கப்பலேறிடுச்சு. அங்கே சைவ உணவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தார். ஒரு உறுப்பினரை நீக்கணும்னு பேச்சு வந்தது. கூடாதுன்னு இவருக்குத் தோணுது, ஆனா வாய் வரலை. எழுதிக் கொண்டு போனார். அதையும் இன்னொருத்தர்தான் படிச்சார். 1891-ல் ஊர் கிளம்புறப்ப நண்பர்களுக்கு விருந்து வெச்சு, நகைச்சுவையா பேச யோசிச்சு வெச்சிருந்தார். எழுந்ததும் எல்லாம் மறந்துபோச்சு. நன்றி சொல்லிட்டு உட்கார்ந்துட்டார்.

அப்புறம் பம்பாயில் முதல் கேஸ். ஃபீஸ் 30 ரூபாய். சாட்சியைக் குறுக்கு விசாரணை பண்ண எழுந்தவருக்குத் தலை சுத்துச்சு, ஒரு கேள்வியும் தோணலை. வேற வக்கீலை வெச்சுக்கச் சொல்லி, பணத்தைத் திருப்பிக் கொடுத்துட்டார்.

1893. தென்னாப்பிரிக்காவில் ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட அதே ஆண்டு. பிரிட்டோரியா போனதும் அங்கிருந்த இந்தியர்களைக் கூட்டிப் பேசினார். வியாபாரத்தில் நேர்மை, சுத்தம், குறைகளைச் சொல்ல ஒரு சங்கம். இதுதான் தன் முதல் மேடைப் பேச்சுன்னு அவரே எழுதியிருக்கார். ஆங்கிலம் சொல்லித்தர்றேன்னும் சொன்னார். வந்தது மூணே பேர்: ஒரு நாவிதர், ஒரு குமாஸ்தா, ஒரு கடைக்காரர். அவங்க இருக்கிற இடத்துக்கே போய்ச் சொல்லிக் கொடுத்தார்.

ரெண்டே வருஷத்துல என்ன ஆச்சு? என் கணிப்பு இதுதான். பம்பாயில் எல்லாரும் தன்னைப் பார்க்கிறாங்கன்னு நினைச்சார். பிரிட்டோரியாவில் இவர் அவங்களைப் பார்த்தார். சொல்லியே ஆகணும்னு ஒரு சேதியும் கையில இருந்துச்சு. அதுக்காகக் கூச்சம் முழுசாப் போயிடலை, அதையும் அவரே ஒத்துக்கிறார். வார்த்தையை அளந்து பேசக் கத்துக்கொடுத்ததே அந்தக் கூச்சம்தானாம்.

அடுத்த மீட்டிங்குக்கு ஒரு துண்டுச்சீட்டு எழுதி வெச்சிருக்கேன். பக்கத்துல புதுசா சேர்ந்த பையன் ஒருத்தன், அவனுக்கும் கை நடுங்குறதைப் பார்த்தேன். முதல்ல அவன்கிட்ட பேசணும். சொதப்பினாலும் பரவாயில்லை, 30 ரூபாயைத் திருப்பித் தர வேண்டியதில்லையே :)