ஒரே நாள் மீன்பிடி

ஹாலிபட், நம் கடலின் எருமைநாக்கைப் போன்ற தட்டை மீன். வடபசிபிக்கின் குளிர்நீரில் அது 200 கிலோவைத் தாண்டியும் வளரும். 1990களின் தொடக்கத்தில் அலாஸ்கா வளைகுடாவில் அதைப் பிடிக்க ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவைதான் அனுமதி. ஒவ்வொரு தடவையும் பெரும்பாலும் 24 மணி நேரம்!

ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு பிடிக்கலாம் என்பதற்கு வரம்பு இருந்தது. அதில் யாருக்கு எவ்வளவு என்ற பங்கு இல்லை. முந்தியவர் அள்ளினார். படகுகள் பெருகப் பெருக, வரம்பைக் காக்க நாட்களைக் குறைப்பதே வழியாயிற்று.

குறித்த நாளில் புயல் எச்சரிக்கை வந்தாலும் அலாஸ்காவின் கோடியக், ஹோமர் துறைமுகங்களின் படகுகள் கடலுக்குப் போயின. அதை விட்டால் அடுத்த வாய்ப்புக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இரைகோத்த ஆயிரங்கால் தூண்டிலை இறக்குவதும் இழுப்பதுமாக ஆட்கள் கண்மூடாமல் வேலை செய்தார்கள். குடல் எடுக்க நேரமில்லாமல் மீன் தளத்தில் குவிந்தது. பாரம் தாங்காத படகுகள் கவிழ்ந்தன, உயிர்கள் போயின. நேரம் முடிந்ததும் இழுக்க முடியாத கயிறுகளைக் கடலிலேயே விட்டுவந்தார்கள். அவை அடியில் கிடந்து மீனைக் கொன்றுகொண்டிருந்தன. ஆண்டு முழுவதற்குமான மீன் இரண்டு மூன்று நாளில் கரைக்கு வந்ததால் பெரும்பகுதியை உறையவைக்கவே முடிந்தது. விலையும் படுத்தது.

பக்கத்துக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் 1990இல் பருவம் ஆறு நாளாகச் சுருங்கியிருந்தது. 1991இல் அங்கே படகுக்குப் படகு பங்கு பிரித்தார்கள். அலாஸ்கா 1995இல் அதே வழிக்கு வந்தது. பருவம் எட்டு மாதமாக நீண்டது. வானிலை பார்த்துக் கடலுக்குப் போக முடிந்தது. விபத்தில் சிக்கியவர்களைத் தேடும் மீட்புப் பணிகள் குறைந்தன. பச்சை மீன் நல்ல விலைக்குப் போயிற்று.

பங்கு பிரித்த விதத்தில்தான் அநீதி. 1984 முதல் 1990 வரை பிடித்த மீனில் சிறந்த ஐந்து ஆண்டுக் கணக்கைக் கொண்டு, படகு வைத்திருந்தவர்களுக்கும் குத்தகைக்கு எடுத்தவர்களுக்கும் பங்கு இலவசமாகக் கிடைத்தது. தூண்டில் இழுத்துக் கை காய்த்த கூலி மீனவருக்கு ஒரு கிலோ உரிமைகூட இல்லை. பின்னாளில் வந்தவர்கள் கடன் வாங்கிப் பங்கு வாங்க வேண்டியிருந்தது.

ஒருவரே எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்காதபடி உச்சவரம்பு வைத்தார்கள். பங்கு வாங்கப் பொதுவாக 150 நாள் மீன்பிடி அனுபவம் கேட்டார்கள். நல்ல விதிகள்தான். ஆனாலும் சிறு கிராமங்களின் பங்குகள் விலைபோய்க்கொண்டே இருந்தன. 2004இல்தான் அந்தக் கிராமங்கள் பொது அமைப்பு வைத்துப் பங்கு வாங்கலாம் என்று சட்டம் வந்தது. அதற்குள் விலை ஏறியிருந்தது. பெரும்பாலான கிராமங்களால் வாங்க முடியவில்லை. 1995இலேயே கிராமங்களுக்கும் கூலி மீனவருக்கும் ஒரு பகுதியை ஒதுக்கியிருக்க வேண்டும்.