அறிவிக்கப்படாத முடிவு: அமெரிக்கக் கஞ்சாச் சட்டமும் மக்கள் கருத்தும்

1998 நவம்பர் 3 அன்று அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் மக்கள் ஒரு கேள்விக்கு வாக்களித்தனர். மருத்துவர் பரிந்துரைத்தால் நோயாளிகள் கஞ்சாவைப் பயன்படுத்தலாமா என்பதே கேள்வி. முன்மொழிவு 59 என்பது அதன் பெயர். இரவு வாக்குச்சாவடிகள் மூடப்பட்டன. பிற பதவிகளுக்கான முடிவுகள் வெளிவந்தன. இந்த ஒரு கேள்வியின் முடிவு மட்டும் வரவில்லை. அடுத்த பத்து மாதங்களுக்கும் வரவில்லை.

காரணம் எளிது. தேர்தலுக்கு இரு வாரங்களுக்கு முன் நிறைவேறிய நிதி மசோதாவில், ஜார்ஜியா மாநிலத்தின் குடியரசுக் கட்சி உறுப்பினர் பாப் பார் முன்வைத்த ஒரு விதி செருகப்பட்டிருந்தது. கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கும், அல்லது அதற்கான தண்டனையைக் குறைக்கும் எந்த வாக்கெடுப்பையும் நடத்தத் தலைநகர நிர்வாகம் பணம் செலவிடக் கூடாது என்றது அவ்விதி. வாக்குச்சீட்டுகள் முன்பே அச்சாகிவிட்டிருந்ததால் வாக்களிப்பைத் தடுக்க முடியவில்லை. முடிவை அறிவிப்பதைத் தடுக்க முடிந்தது. தலைநகர மக்களுக்குக் காங்கிரஸில் வாக்குரிமையுள்ள உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. பேசலாம், அவையின் இறுதி வாக்கெடுப்பில் வாக்களிக்க இயலாது என்ற நிலையில் ஒரு பிரதிநிதி மட்டுமே உண்டு. அவர்களது வாக்கை மறைத்தவர்களை அவர்கள் தேர்ந்தெடுத்திருக்கவில்லை, தோற்கடிக்கவும் வழியில்லை.

வழக்கு நீதிமன்றம் சென்றது. 1999 செப்டம்பரில் கூட்டாட்சி நீதிபதி ரிச்சர்ட் ராபர்ட்ஸ் முடிவை வெளியிட உத்தரவிட்டார். 69 விழுக்காட்டினர் ஆதரித்திருந்தனர். அதன் பின்னும் ஒன்றும் நடக்கவில்லை. முடிவை நடைமுறைப்படுத்தக் கூடாது என்று காங்கிரஸ் அடுத்தடுத்த நிதி மசோதாக்களில் விதியைப் புதுப்பித்துக்கொண்டே வந்து, 2009 டிசம்பரில்தான் அதை விலக்கியது. முதல் மருந்தகம் விற்பனையைத் தொடங்கியபோது ஆண்டு 2013. 1998 இல் வலி தாங்காமல் வாக்களித்த புற்றுநோயாளிகளில் எத்தனை பேர் அந்தக் கடையின் கதவைப் பார்த்திருப்பார்கள்? பாப் பாரோ பதவி இழந்த பின் மனம் மாறி, 2007 இல் கஞ்சாச் சீர்திருத்த அமைப்பொன்றின் சார்பில் தம் பெயர் தாங்கிய அதே விதியை நீக்கக் கோரிப் பரப்புரை செய்தார். பதவியில் இருந்தபோது கேட்காத குரல் பதவி போன பின் கேட்பது இந்த வரலாற்றில் அரிதான நிகழ்வன்று.

2014 இல் அதே நகரம் மீண்டும் வாக்களித்தது. வயதுவந்தோர் சிறிதளவு கஞ்சாவை வைத்திருக்கவும், வீட்டில் சில செடிகள் வளர்க்கவும், பணம் பெறாமல் பிறருக்குக் கொடுக்கவும் முன்மொழிவு 71 அனுமதித்தது. ஆதரவு ஏறத்தாழ 65 விழுக்காடு. மேரிலாந்து உறுப்பினர் ஆண்டி ஹாரிஸ் உடனே பழைய ஆயுதத்தை எடுத்தார். ஆனால் இம்முறை சொல்லில் ஒரு சறுக்கல் நேர்ந்தது. முந்தைய வரைவில் ‘சட்டம் இயற்றவோ செயற்படுத்தவோ’ பணம் செலவிடக் கூடாது என்றிருந்தது. நிறைவேறிய வடிவில் ‘இயற்ற’ என்ற வினை மட்டுமே எஞ்சியது. வாக்காளர்கள் நவம்பரிலேயே சட்டத்தை இயற்றிவிட்டனர், எனவே டிசம்பரில் வந்த தடை அதைத் தீண்டாது என்று நகர நிர்வாகம் வாதிட்டது. 2015 பிப்ரவரியில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆனால் விற்பனையை ஒழுங்குபடுத்தப் புதிய சட்டம் இயற்ற வேண்டும். அது அந்த ஒற்றை வினைச்சொல்லுக்குள் சிக்கியது. வைத்திருக்கலாம், வளர்க்கலாம், கொடுக்கலாம். விற்க மட்டும் கூடாது. விளைவாக நகரில் ஒரு விந்தையான வணிகம் முளைத்தது. வாடிக்கையாளர் ஒட்டுத்தாளுக்கோ பனியனுக்கோ பெரும் விலை கொடுப்பார். கடைக்காரர் கூடவே கஞ்சாவை ‘அன்பளிப்பாக’ வழங்குவார்.

அரசியல்வாதிகள் மக்களின் கருத்தை மதிப்பதில்லை என்ற குறை எந்நாட்டிலும் எழுவதுதான். அமெரிக்கக் கஞ்சாச் சட்டத்தின் வரலாறு அதைவிடச் சற்றுச் சிக்கலான ஒன்றைக் காட்டுகிறது. வல்லுநர்கள் தளர்த்தலாம் என்று சொன்ன காலத்தில் மக்கள் எதிர்த்தனர். வல்லுநரைப் புறக்கணிக்க அது போதுமாயிருந்தது. மக்கள் தளர்த்தச் சொன்னபோது, வல்லுநர்கள் இன்னும் ஆராய வேண்டும் என்ற பதில் வந்தது.

தொடக்கத்திலேயே இது நிகழ்ந்தது. 1937 இல் கஞ்சா மீதான வரிச் சட்டம் வந்தபோது, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சார்பில் சாட்சியமளித்த வில்லியம் உட்வர்டு அதை எதிர்த்தார். மருத்துவர்கள் ‘கன்னாபிஸ்’ என்ற பெயரில் அறிந்த மருந்தும், மசோதாவில் ‘மரிஹுவானா’ என்ற பெயரில் வரும் பொருளும் ஒன்றே என்பது மருத்துவ உலகுக்கே தெரியாமல் மசோதா தயாரானது என்பது அவரது முறையீடு. நாளிதழ்கள் அச்சமூட்டும் செய்திகளோடு பரப்பிய மெக்சிகோ வழிச் சொல் ஒன்று மருந்து நூலில் இருந்த சொல்லின் இடத்தைப் பிடித்திருந்தது. பிரதிநிதிகள் அவையின் விவாதம் மிகச் சுருக்கமானது. மசோதா எதைப் பற்றியது என்று கேட்ட உறுப்பினருக்கு, மரிஹுவானா எனும் ஏதோவொன்றைப் பற்றியது, ஒருவகைப் போதைப்பொருள் என்று நினைப்பதாக மூத்த உறுப்பினர் சாம் ரேபர்ன் பதிலளித்தார். எதைத் தடுக்கிறோம் என்பதே அவையோர்க்குத் தெளிவாக இல்லை. சட்டத்தில் ஒரு வரையறை என்ன செய்யும் என்பதை அறிய இந்தியர் அவ்வளவு தொலைவு போகவும் வேண்டியதில்லை. 1985 ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சாச் செடியின் பூத்தலையையும் பிசினையும் தடுத்து, தனித்த இலையையும் விதையையும் வரையறைக்கு வெளியே விட்டது. வாரணாசியில் அரசு உரிமம் பெற்ற கடையில் பாங்கு விற்பது அந்த வரையறையின் பயன்.

1944 இல் நியூயார்க் மேயர் லகார்டியா அமைத்த குழுவின் அறிக்கை, கஞ்சாவைப் பற்றிய அச்சங்களில் பெரும்பகுதிக்குச் சான்றில்லை என்றது. அதைக் கூட்டாட்சி அதிகாரிகள் சாடியதோடு சரி.

1970 ஆம் ஆண்டின் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள் சட்டம்தான் இன்றைய சிக்கலின் மூலம். போதைப்பொருள்களை ஐந்து அட்டவணைகளாகப் பிரித்த அச்சட்டம் கஞ்சாவை ஹெராயினோடு சேர்த்து முதல் அட்டவணையில் வைத்தது. இது இறுதி முடிவாகக் கருதப்படவில்லை. நடந்துவரும் ஆய்வுகள் முடியும் வரையிலாவது அங்கே இருக்கட்டும் என்று சுகாதாரத் துறையின் உயர் அலுவலர் ரோஜர் எகபெர்க் காங்கிரஸுக்கு எழுதியிருந்தார். அதே சட்டம் கஞ்சாவை ஆராய ஓர் ஆணையத்தையும் அமைத்தது. பதின்மூன்று உறுப்பினர், ஒன்பது பேரை நியமித்தவர் அதிபர் நிக்சன். தலைவர் ரேமண்ட் ஷேஃபர், நிக்சனின் கட்சியையே சேர்ந்த பென்சில்வேனியாவின் முன்னாள் ஆளுநர். இத்தகைய ஆணையத்திடம் எவரும் புரட்சியை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். 1972 மார்ச்சில் வந்த அறிக்கையோ, சொந்தப் பயன்பாட்டுக்காகக் கஞ்சா வைத்திருப்பது குற்றமாக இருக்கக் கூடாது என்றது. ஆணையம் எதைப் பரிந்துரைத்தாலும் சட்டபூர்வமாக்கலை ஏற்கப்போவதில்லை என்று நிக்சன் முந்தைய ஆண்டே செய்தியாளரிடம் சொல்லிவிட்டிருந்தார். சொன்னபடியே செய்தார். ‘ஆய்வு முடியும் வரை’ என்று வைக்கப்பட்ட கஞ்சா, ஆய்வு முடிந்த பின்னும் முதல் அட்டவணையிலேயே இருந்தது.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 1972 இல் மக்கள் நிக்சனின் பக்கமே இருந்தனர். 1969 இல் கேலப் நிறுவனம் முதன்முதலாகக் கேட்டபோது சட்டபூர்வமாக்கலை ஆதரித்தவர் 12 விழுக்காட்டினர் மட்டுமே. 1972 நவம்பரில் கலிபோர்னியாவின் வாக்காளர்களே மூன்றில் இரு பங்கினர் அத்தகைய முன்மொழிவை நிராகரித்தனர். அன்று புறக்கணிக்கப்பட்டது அறிவு, மக்கள் கருத்தன்று.

முதல் அட்டவணையில் ஒரு பொருள் இடம்பெற, சட்டத்தின் சொற்களில், அதற்கு ‘தற்போது ஏற்றுக்கொள்ளப்பட்ட மருத்துவப் பயன்பாடு’ இல்லாதிருக்க வேண்டும். ஏற்றுக்கொள்ளப்பட்ட என்பது செயப்பாட்டு வினை. ஏற்பவர் யார்? மருத்துவரா, நோயாளியா, மாநிலச் சட்டமன்றமா, அரசு அலுவலரா? வினைக்கு எழுவாய் தராமல் சட்டம் நழுவிவிட்டது. அந்த வெற்றிடத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு வழக்கு நடந்தது. அட்டவணை மாற்றம் கோரிச் சீர்திருத்த அமைப்பொன்று 1972 இல் மனுக் கொடுத்தது. போதைப்பொருள் தடுப்பு முகமையின் சொந்த நிர்வாக நீதிபதி பிரான்சிஸ் யங் நீண்ட விசாரணைக்குப் பின் 1988 செப்டம்பரில், கணிசமான மருத்துவர்கள் ஏற்றிருப்பதே போதும் என்று கூறி இரண்டாம் அட்டவணைக்கு மாற்றப் பரிந்துரைத்தார். முகமையின் தலைவர் ஜான் லான் 1989 இல் அதைத் தள்ளினார். 1994 இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் முகமையின் அளவுகோலை ஏற்றது. அவ்வளவுகோல் கேட்டவற்றுள் கட்டுப்படுத்தப்பட்ட முறையான ஆய்வுகளும் அடங்கும். அவ்வாய்வுகளைச் செய்வதற்கோ முதல் அட்டவணையின் கடும் அனுமதி முறைகளே தடை. 1968 முதல் 2021 வரை ஆய்வுக்கான கஞ்சாவை வளர்க்கக் கூட்டாட்சி அரசு உரிமம் தந்தது மிசிசிப்பிப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு மட்டுமே. ஆய்வில்லாததால் அட்டவணை, அட்டவணையால் ஆய்வில்லை.

இதற்கிடையே மக்கள் மாறினர். 2013 இல் கேலப் கணிப்பில் ஆதரவு முதன்முறையாகப் பெரும்பான்மையைத் தொட்டது. 2020 இல் 68 விழுக்காடு. 2023 இல் 70. அமெரிக்காவில் இன்று பத்தில் ஏழு பேர் உடன்படும் பொருள்கள் மிகச் சிலவே. ஆயினும் 2019 நவம்பரில், அதிபர் வேட்பாளராக நின்ற ஜோ பைடன், பிற போதைப்பொருள்களுக்குக் கஞ்சா வாயிலாகுமா என்பதில் போதிய சான்று இல்லை, மேலும் ஆய்வு வேண்டும் என்றே பேசினார். பிரதிநிதிகள் அவை 2020 டிசம்பரிலும் 2022 ஏப்ரலிலும் கூட்டாட்சித் தடையை நீக்கும் மசோதாவை நிறைவேற்றியது. செனட் இரு முறையும் அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை.

மாநிலங்களில் என்ன நடந்தது என்பது இன்னும் தெளிவான சான்று. 2012 முதல் 2016 வரை எட்டு மாநிலங்கள் பொதுப் பயன்பாட்டுக்குக் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கின. எட்டும் மக்களின் நேரடி வாக்கெடுப்பால் நடந்தவை. சட்டமன்றம் தானாக முன்வந்து செய்தது 2018 இல் வெர்மான்ட்டில்தான். நேரடி வாக்கெடுப்புக்கு இடமில்லாத மாநில மக்கள் காத்திருந்தனர். இடமிருந்த மாநிலங்களிலும் வென்றது நிலைக்கவில்லை. மெயின் மாநிலம் 2016 இல் வாக்களித்தது. முதல் கடை திறந்தது 2020 அக்டோபரில். மிசிசிப்பியில் 2020 இல் மருத்துவக் கஞ்சாவுக்குப் பெரும் ஆதரவு கிடைத்தது. அம்மாநில அரசமைப்பின்படி மனுவின் கையொப்பங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே காங்கிரஸ் தொகுதியிலிருந்து வரக் கூடாது. விதி எழுதப்பட்டபோது தொகுதிகள் ஐந்து. 2000 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின் நான்கு. நான்கு தொகுதிகளிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வீதம் திரட்டினால் முழுமை வராது என்ற கணக்கைக் காட்டி, 2021 மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம் வாக்கெடுப்பைச் செல்லாது என்றது. இருபது ஆண்டுகளாக விதியைத் திருத்தாமல் விட்டது சட்டமன்றம். விலை கொடுத்தவர் வாக்காளர். தெற்கு டகோடாவில் 54 விழுக்காடு பெற்ற திருத்தம், ஒன்றுக்கு மேற்பட்ட பொருளைப் பேசுகிறது என்ற காரணத்தால் வீழ்ந்தது. அதன்பின் 2022 இலும் 2024 இலும் அங்கே மீண்டும் கேட்டபோது மக்களே வேண்டாம் என்றனர் என்பதையும் மறைக்கலாகாது.

அரசியல்வாதிகள் ஏன் அஞ்சவில்லை? ஆதரவு அகலமானது, ஆழமற்றது என்பதே பொருந்தும் விடை. கஞ்சாவுக்காக மட்டும் ஓர் உறுப்பினரைத் தோற்கடிக்கும் வாக்காளர் அரிது. ஆழமாகப் பாதிக்கப்படுவோர் வேறு. அமெரிக்கக் குடியுரிமைகள் ஒன்றியம் 2013 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2001 முதல் 2010 வரை கஞ்சா தொடர்பான கைதுகள் 80 லட்சத்துக்கும் மேல். பயன்பாடு ஏறத்தாழ ஒரே அளவாயிருந்தும் கறுப்பினத்தவர் கைதாகும் வீதம் வெள்ளையரைப்போல் 3.73 மடங்கு. குடியுரிமையற்றோர் மற்றொரு கூட்டம். கலிபோர்னியாவில் படிக்கும் இந்திய மாணவருக்கு மாநிலச் சட்டம் அனுமதிக்கும் செயல், கூட்டாட்சிக் குடிவரவுச் சட்டத்தின் முன் நாட்டுக்குள் மீண்டும் நுழைவதையே தடுக்கக்கூடிய குற்றமாக நிற்கிறது. முதல் கூட்டத்தில் பலருக்கு வாக்கு பறிபோயிருக்கிறது. இரண்டாம் கூட்டத்துக்கு வாக்கே இல்லை.

2023 ஆகஸ்ட்டில் அமெரிக்கச் சுகாதாரத் துறை கஞ்சாவை மூன்றாம் அட்டவணைக்கு மாற்றப் பரிந்துரைத்தது. அதற்கு அத்துறை கையாண்ட வழி கவனிக்கத்தக்கது. பழைய அளவுகோலை விட்டுவிட்டு, நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களிலும் ஆட்சிப்பகுதிகளிலும் 30,000க்கும் மேற்பட்ட மருத்துவப் பணியாளர்கள் சட்டப்படி இதைப் பரிந்துரைத்து வருகின்றனர் என்பதையே ‘ஏற்றுக்கொள்ளப்பட்ட’ என்பதற்குச் சான்றாக வைத்தது. பிரான்சிஸ் யங் 35 ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ இதையே சொன்னார். எழுவாயற்ற வினைக்கு எழுவாய் கிடைத்தது. 2024 மே மாதம் நீதித்துறை அதற்கான விதியின் வரைவை வெளியிட்டது. மூன்றாம் அட்டவணை என்பது மருத்துவர் சீட்டுக்குரிய மருந்துகளின் அட்டவணை. கேலப்பிடம் 70 விழுக்காட்டினர் சொன்ன ‘ஆம்’ அந்தக் கேள்விக்குரியதன்று.