வாகன ஏசி குளிரவில்லையா? காஸ் அடிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஏசி குளிரவில்லை என்று வாகனத்தைக் கொண்டுபோனால் பல கராஜ்களில் முதலில் கிடைக்கும் பதில், "காஸ் முடிஞ்சிருக்கு, அடிச்சாச் சரி" என்பதுதான். அடித்ததும் சில கிழமைகள் குளிரும். பிறகு பழையபடி வெக்கைதான்.

ஏசி காஸ் பெற்றோலைப் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் அதே காஸ்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. கொம்பிரசர் அதை அழுத்துகிறது. வாகனத்தின் முன்புறம் உள்ள கொண்டென்சரில் சூட்டை வெளியே விட்டு அது திரவமாகிறது. டாஷ்போர்ட்டுக்குள் இருக்கும் இவாப்பரேட்டரில் மீண்டும் ஆவியாகி, அதன் ஊடாக வீசும் காற்றைக் குளிராக்குகிறது. ரப்பர் இணைப்புகள் வழியே பல வருடங்களில் சிறிதளவு குறைவது இயல்பு. சில மாதங்களிலேயே குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அதனால் எங்களில் பலர் பத்து, பதினைந்து வருடப் பழைய வாகனங்களையே ஓட்டுகிறோம். பிழையான இடத்தில் செலவழித்தால் தாங்காது.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை

முதலில் காற்று வரும் வேகத்தைக் கவனியுங்கள். காற்றே குறைவாக வந்தால் பிரச்சினை பெரும்பாலும் காஸில் இல்லை. கபின் பில்டர் தூசியால் அடைத்திருக்கலாம், அல்லது உள்ளே காற்றடிக்கும் மோட்டர் பழுதாகியிருக்கலாம். பல ஜப்பானியக் கார்களில் இந்தப் பில்டர் இடது முன் இருக்கைக்கு எதிரே உள்ள சிறு பெட்டிக்குப் பின்னால் இருக்கும். கழற்றிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

காற்று பலமாக வந்தும் குளிரவில்லையென்றால் பொனட்டைத் திறந்து, எஞ்சின் ஓடும்போது ஒருவரை ஏசியைப் போடச் சொல்லுங்கள். பெல்ட்டில் ஓடும் பழைய வகைக் கொம்பிரசர்களில் 'டக்' என்ற சத்தத்துடன் முன்தட்டு சுழலத் தொடங்கும். கையை எட்ட வைத்துக்கொண்டு பாருங்கள். சுழலவில்லையென்றால் பியூஸ், ரிலே, கிளச் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். காஸ் மிகவும் குறைந்தாலும் அழுத்த சுவிட்ச் கொம்பிரசரை ஓட விடாது.

எப்போது குளிர் போகிறது என்பதும் முக்கியம். ஓடும்போது குளிர்ந்து, நெரிசலில் நிற்கும்போது சூடானால் கொண்டென்சர் பானையும் கொண்டென்சரில் படிந்த அழுக்கையும் பாருங்கள். தொடக்கத்தில் நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்றே குறைந்து, சற்று நேரம் நிறுத்திப் போட்டால் மீண்டும் குளிர்ந்தால், இவாப்பரேட்டரில் பனி உறைகிறது. எஞ்சின் சூட்டு முள்ளும் ஏறினால் ஏசியை விட்டுவிட்டு ரேடியேட்டரைக் கவனியுங்கள்.

கராஜில் கேட்க வேண்டியவை

அழுத்தமானியில் இரண்டு பக்கமும் குறைவாகக் காட்டினால் காஸ் குறைவு என்று சந்தேகிக்கலாம். இரண்டும் கூடுதலாக இருந்தால் பான் ஓடாமலோ, கொண்டென்சர் அடைத்தோ, காஸ் அளவுக்கு மீறியோ இருக்கலாம். தாழ் அழுத்தம் கூடி, உயர் அழுத்தம் குறைந்திருந்தால் கொம்பிரசர் பலவீனமாகியிருக்கலாம்.

என் காருக்கு ஒரே வருடத்தில் இரண்டு தடவை ஒரு கராஜில் காஸ் அடித்தார்கள். கசிவை யாரும் தேடவில்லை. வேறொருவர் கொண்டென்சர் இணைப்பில் எண்ணெய்க் கறையைக் காட்டி, சவர்க்கார நுரை பூசினார். குமிழி வந்தது. பழுதானது ஒரு சிறிய ரப்பர் வளையம்.

அந்தக் கறைக்குக் காரணம் இருக்கிறது. கொம்பிரசருக்கான எண்ணெய் காஸோடு சேர்ந்தே சுற்றுகிறது. கசிவை விட்டுவிட்டு ஓடினால் எண்ணெயும் குறைந்து கொம்பிரசரே இறுகிவிடலாம். அப்போது உலோகத் துகள்கள் குழாய்களெங்கும் பரவ, செலவு பல மடங்காகும்.

கசிவைத் திருத்திய பின் வக்கியூம் பம்ப் போட்டு உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் அகற்ற வேண்டும். பிறகு காஸைத் தராசில் நிறுத்து நிரப்ப வேண்டும். பொனட்டின் கீழுள்ள ஸ்டிக்கரில் காஸின் வகையும் கிராம் அளவும் இருக்கும். அழுத்தத்தை மட்டும் பார்த்துச் சரியான அளவைச் சொல்ல முடியாது.

ஹைபிரிட் வாகனங்கள்

பிரியஸ், அக்குவா போன்றவற்றில் கொம்பிரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது. செம்மஞ்சள் நிறக் கேபிள்களைத் தொடாதீர்கள். இவற்றுக்கு மின்சாரத்தைக் கடத்தாத தனி எண்ணெய் வேண்டும். சாதாரண வாகன எண்ணெய் கலந்தால் மின்கசிவு ஏற்பட்டு கொம்பிரசர் பழுதாகும். இந்த வாகனங்களின் ஹைபிரிட் பற்றரி, பயணிகள் இருக்கும் பகுதியின் காற்றாலேயே குளிர்கிறது. ஏசி வேலை செய்யாமல் வெயிலில் நீண்ட தூரம் ஓடினால் பற்றரியும் சூடாகும்.

இன்று வீதியில் உள்ள பெரும்பாலான வாகனங்களில் இருப்பது ஆர்134ஏ. புவியைச் சூடாக்குவதில் அது காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 1,430 மடங்கு வலியது. கசிவோடு நிரப்பும் ஒவ்வொரு தடவையும் அது வளிமண்டலத்துக்கே போகிறது.

வேலை முடிந்ததும் பற்றுச்சீட்டில் எத்தனை கிராம் நிரப்பினார்கள், கசிவு எங்கே இருந்தது என்று எழுதி வாங்குங்கள். அடுத்த முறை குளிர் குறைந்தால், திருத்துபவர் தேடலைத் தொடங்க வேண்டிய இடம் அதில் இருக்கும்.