கிக் டிரம் – பேஸ் கிட்டார் சமநிலை

தனித்தனித் தடங்களில் பதிவான இசையை மிக்ஸிங் செய்யும்போது, கீழ்ச்சுருதியில் ஒலிக்கும் கிக் டிரம்மும் பேஸ் கிட்டாரும் ஒன்றையொன்று விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு இப்பெயர். ராக், ஃபங்க், ரெகே, நடன இசை, திரையிசை என இவ்விரண்டும் சேர்ந்து தாளத்தைத் தாங்கும் இடமெல்லாம் இந்த வேலை உண்டு.

நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியை அழுத்தாமல் மீட்டினால் 41 ஹெர்ட்ஸ் எழும். மற்ற மூன்றும் 55, 73, 98. கிக் டிரம்மின் முழக்கமும் பெரும்பாலும் 50 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள்தான் அடங்குகிறது. நெருங்கிய அதிர்வெண்களில் பலத்த ஒலி மெல்லிய ஒலியைக் காதுக்கு எட்டாமல் செய்துவிடும். ஒலியியலில் இது மறைப்பு எனப்படும். கிக் கேட்கவில்லையே என்று அதன் ஃபேடரை ஏற்றினால் பேஸ் அமுங்கும். பேஸை ஏற்றினால் மறுபடி கிக் காணாமல் போகும். இப்படியே போனால் மாஸ்டர் மீட்டர் சிவப்பைத் தொடும், பாட்டு மட்டும் தெளியாது.

ஆகவே, அடித்தளம் யாருக்கு என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ரெகேயில் பேஸ் அடியில் படர்ந்திருக்க, கிக் அதற்குச் சற்று மேலே தட்டும். ஹவுஸ் இசையில் அடித்தளம் கிக்குக்கே. மெட்டலில் இரட்டைப் பெடலின் வேகத்துக்கு முழக்கம் ஈடுகொடுக்காது. அதனால் தோலில் பீட்டர் (பெடலோடு இணைந்த அடிகட்டை) படும் ‘டக்’ ஒலியை 3,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையான பகுதியில் ஏற்றிவிட்டு, அடியைப் பேஸிடம் விடுவார்கள். முடிவான பிறகு ஈக்யூ வேலை, அதாவது வேண்டிய அதிர்வெண்ணை மட்டும் ஏற்றி இறக்குவது, எளிது. கிக்கை 60 ஹெர்ட்ஸில் ஏற்றினால் அதே இடத்தில் பேஸை இரண்டு மூன்று டெசிபல் இறக்கி, 100 ஹெர்ட்ஸை ஒட்டி அதற்கு இடம் தரலாம். இதையெல்லாம் சோலோ பட்டனை அழுத்தித் தனியாகக் கேட்டுச் செய்வதில் பயனில்லை. தனியே அழகாக ஒலிக்கும் பேஸ் கூட்டத்தில் தொலைந்துபோவது அன்றாடம் நடப்பது.

ஈக்யூவுக்குக் கட்டுப்படாத சிக்கல் ஃபேஸ், அதாவது ஒரே ஒலியின் இரு பதிவுகளில் அலைகளின் ஏற்ற இறக்கம் ஒத்துப்போகாதது. பேஸை நேரடியாக ஒரு தடத்திலும், ஆம்ப் முன் மைக் வைத்து இன்னொரு தடத்திலும் பதிவது வழக்கம். மைக் ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் அந்த ஒலி சுமார் 3 மில்லிநொடி தாமதமாக வரும். அப்போது 170 ஹெர்ட்ஸ் அருகில் இரண்டும் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, பேஸ் சோகையாகிவிடும். அங்கே எவ்வளவு ஈக்யூ ஏற்றினாலும் அழிந்தது திரும்பாது. தாமதமான தடத்தை முன்னே நகர்த்தினால் போதும்.

கிக் விழும் கணத்தில் மட்டும் பேஸைத் தணிக்க, சைட்செயின் முறையில் கம்ப்ரசரைக் கிக்கைக் கொண்டு இயக்குவார்கள். ராக்கில் கேட்பவருக்குத் தெரியாத அளவு போதும். நடன இசையில் அந்தத் தணிவும் எழுச்சியுமே ஒரு பாணியாகிவிட்டது.

இசைத்தட்டுக் காலத்தில் கீழ்ச்சுருதி மிகுந்தால் ஊசி தாவிவிடும் என்ற அச்சம் இருந்தது. 1966இல் லண்டன் ஈ.எம்.ஐ. ஸ்டுடியோவில் பீட்டில்ஸின் ‘பேப்பர்பேக் ரைட்டர்’ பதிவானபோது, அந்த அச்சத்தை மீறிப் பேஸை ஓங்கச் செய்ய, பேஸ் ஆம்ப் முன்னால் ஒரு ஒலிபெருக்கியையே மைக்காக நிறுத்தினார்கள். ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமெரிக் அதே ஆண்டு ரிங்கோ ஸ்டாரின் கிக் டிரம்முக்குள் கம்பளிச் சட்டையைத் திணித்து, மைக்கை டிரம்முக்கு வெகு அருகே கொண்டுபோனார். முழக்கம் சுருங்கி அடி இறுகியது. இன்றும் பல ஸ்டுடியோக்களில் கிக்குக்குள் ஒரு தலையணை கிடக்கும்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் அறை ஏமாற்றும். சுவருக்குச் சுவர் 3.4 மீட்டர் உள்ள அறையில் 50 ஹெர்ட்ஸ் ஒலி நிலை அலையாகிவிடும். இரு சுவர்களுக்கும் நடுவில் உட்கார்ந்தவருக்கு அது ஏறக்குறையக் கேட்காது. அவர் கிக்கை ஏற்றி முடித்த பாட்டு, காரில் போட்டால் கதவை அதிரவைக்கும். கைபேசியின் கதை நேர்மாறு. அதன் சிறு ஒலிபெருக்கியில் 41 ஹெர்ட்ஸ் வரவே வராது. ஆனால் அதன் மடங்குகளான 205, 246 போன்றவை கேட்டால் இல்லாத அடிச்சுரத்தை மூளை தானே நிரப்பிக்கொள்ளும். பேஸ் தடத்தில் லேசான டிஸ்டார்ஷன் சேர்ப்பது இந்த மடங்குகளைக் கூட்டத்தான். சோலோவில் கரகரக்கும் அந்த ஒலி, மற்றக் கருவிகள் சேர்ந்ததும் தெரியாது.