நாட் விமானமும் அதன் நெகிழி மாதிரியும்: ஒரு திருத்தத்தின் வரலாறு

பாலக்காட்டிலிருந்து வாளையாறு கடந்து கிழக்கே செல்லும் நெடுஞ்சாலை கோயம்புத்தூரைத் தாண்டிச் சூலூரை அடைகிறது. அங்குள்ள விமானப்படைத் தளத்தில் 2020 மே 27 அன்று இந்திய விமானப்படையின் 18ஆம் படையணி தேஜஸ் விமானங்களுடன் மீண்டும் இயங்கத் தொடங்கியது. 1965 ஏப்ரல் 15 அன்று அப்படையணி முதன்முதலில் அமைக்கப்பட்டபோது அதனிடம் இருந்தவை ‘நாட்’ என்னும் மிகச் சிறிய போர்விமானங்கள். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரைத் தாக்க வந்த சேபர் விமானங்களை நாட் ஒன்றில் எதிர்கொண்டு உயிர்துறந்த நிர்மல் ஜித் சிங் செகோன் இப்படையணியைச் சேர்ந்தவர். விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவரே.

இந்த விமானத்தை 1:72 அளவில் நெகிழி மாதிரியாகச் செய்ய முற்படுவோர் விரைவிலேயே ஒரு வரலாற்றுச் சிக்கலைச் சந்திக்கின்றனர். பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1960களில் வெளியிட்டுப் பரவலாக விற்ற நாட் தொகுப்பு செகோன் ஓட்டிய விமானம் அன்று. அது இருவர் அமரும் பயிற்சி விமானம்.

இதற்குக் காரணம் விமானத்தின் வரலாற்றிலேயே உள்ளது. போர்விமானங்கள் எடையிலும் விலையிலும் பெருகிவந்த காலத்தில், சிறியதும் எளிதில் கட்டத்தக்கதுமான ஒன்று போதும் என்று வாதிட்டவர் பொறியாளர் டபிள்யூ. இ. டபிள்யூ. பெட்டர். ஃபோலண்ட் நிறுவனத்தில் அவர் வடிவமைத்த நாட் 1955 ஜூலை 18 அன்று முதன்முதலில் பறந்தது. பிரிட்டன் அதைத் தன் போர்ப்படையில் சேர்க்கவில்லை. அதன் இருவர் பயிற்சி வடிவத்தை மட்டும் ஏற்றது. 1965இல் தொடங்கிய ‘ரெட் ஆரோஸ்’ வான்சாகசக் குழு செந்நிறம் பூசிப் பறக்கவிட்டதும் அதையே. ஒற்றை இருக்கைப் போர்விமானத்தைப் பெருமளவில் ஏற்ற நாடு இந்தியா. பின்லாந்தும் யூகோஸ்லாவியாவும் சிலவற்றை மட்டுமே வாங்கின. ஆகவே பிரிட்டிஷ் சிறுவர்களின் கண்ணுக்குப் பழகிய நாட் எஃகு அச்சில் இடம்பெற்றது. 1965, 1971 போர்களில் பறந்த நாட் அந்த அச்சுக்கு வெளியே நின்றது.

அச்சு என்பதன் தன்மையை இங்குக் கருத வேண்டும். 1:72 என்னும் அளவு, ஆறடியை ஓர் அங்குலமாகச் சுருக்குவது. 1932இல் பிரிட்டனில் ‘ஸ்கைபேர்ட்ஸ்’ மாதிரிகள் இதனைப் பரப்பின. 1936இல் ‘ஃபிராக் பெங்குவின்’ தொகுப்புகள் செல்லுலோஸ் அசிட்டேட்டில் வந்தன. இரண்டாம் உலகப் போரில் எதிரி விமானத்தை நட்பு விமானத்திலிருந்து பிரித்தறியும் பயிற்சிக்கும் இதே அளவு மாதிரிகள் பயன்பட்டன. போருக்குப் பின் பாலிஸ்டைரீனை உருக்கி எஃகு அச்சில் செலுத்தும் முறை நிலைபெற்றது. அச்சைச் செதுக்குவதற்கே பெருஞ்செலவு ஆகும் என்பதால், ஒருமுறை செதுக்கியதைப் பல பத்தாண்டுகள் பயன்படுத்தினர். பெட்டியின் படமும் டீகல்களும் மாறின. உள்ளிருந்த பிழைகள் மாறவில்லை. ஏட்டில் நேர்ந்த பிழை படியெடுக்கப்பட்ட சுவடிகளுக்கெல்லாம் பரவுவதைப் போன்றது இது.

பழைய தொகுப்பைத் திருத்துவோர் செய்வதும் பதிப்பாசிரியரின் பணியை ஒத்ததே. முதலில் அளவுகளை ஒப்பிட வேண்டும். பயிற்சி நாட்டின் நீளம் ஏறத்தாழ 9.68 மீட்டர், போர் நாட்டின் நீளம் 8.74 மீட்டர். மாதிரியில் இவ்வேறுபாடு 13 மில்லிமீட்டர். சிறகு விரிவு 7.32 மீட்டரிலிருந்து 6.73 மீட்டராகக் குறைய வேண்டும்; மாதிரியில் அது 8 மில்லிமீட்டர். உடற்பகுதியில் பின்னிருக்கைக்குரிய துண்டை அறுத்து நீக்குவதோடு பணி முடிவதில்லை. பயிற்சி விமானத்தின் சிறகும் வால் பரப்புகளும் பெரியவை. அவற்றையும் குறைத்து வடிவமைக்க வேண்டும். ஒருவர் அமரும் விதானத்தைப் புதிதாக வார்க்க வேண்டும். காற்று நுழைவாய்களின் பக்கங்களில் 30 மில்லிமீட்டர் ஏடன் பீரங்கிகளுக்கான திறப்புகளைச் சேர்க்க வேண்டும். புடைத்து நிற்கும் தகட்டுக் கோடுகளை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, ஊசிமுனையால் உட்குழிவாகக் கீற வேண்டும். பிரிட்டிஷ் வட்டச் சின்னத்தின் இடத்தில் நடுவே காவி, அடுத்து வெண்மை, வெளியே பச்சை அமைந்த இந்தியச் சின்னம் வர வேண்டும்.

இப்பணியை வெறும் பொழுதுபோக்காக ஒதுக்கிவிட இயலாததற்கு மற்றொரு காரணமும் உண்டு. உண்மை நாட் இந்தியாவுக்கு வந்த வழியும் ஏறக்குறைய இதுவே. 1956இல் உரிம ஒப்பந்தம் கையெழுத்தானபின், முதல் விமானங்கள் இங்கிலாந்திலேயே முழுமையாகப் பூட்டப்பட்டன. பின்னர்ப் பாதி முடிந்த விமானங்களும், அதன்பின் உறுப்புத் தொகுதிகளும் பெங்களூருக்கு வந்தன. இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் தொழிலாளர்கள் அவற்றைப் பூட்டிக் கற்றனர். இந்தியாவிலேயே செய்த பாகங்களால் அமைந்த முதல் நாட் 1962இல் பறந்தது. பூட்டுதலில் தொடங்கிய அறிவு திருத்துதலில் முதிர்ந்தது. எரிபொருளைச் சிறகினுள்ளேயே கொள்ளுமாறும், கட்டுப்பாட்டு அமைப்பு மேம்படுமாறும் நாட் மாற்றியமைக்கப்பட்டு, ‘அஜீத்’ என்னும் பெயரில் 1975 மார்ச் 5 அன்று பறந்தது. அந்த முதல் மாதிரியே பழைய நாட் ஒன்றை மாற்றியமைத்துச் செய்யப்பட்டது. பிறர் வகுத்த வடிவத்தைப் பெற்று, அதன் குறைகளைப் பயன்பாட்டில் அறிந்து, அவ்வடிவத்தின் மீதே கைவைத்த வரலாறு அது.

எனினும் திருத்தத்துக்கும் எல்லை உண்டு. 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் தமிழ்ப் பதிப்புலகுக்குக் காட்டிய நெறி, பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதங்களைப் பேணுவது. மாதிரித் திருத்தத்துக்கும் அது பொருந்தும். ஒரு விமானத்தின் வரிசை எண், அது பறந்த ஆண்டு, அவ்வாண்டில் அதன் வண்ணம் ஆகியவற்றை ஒளிப்படத்தாலோ காட்சியகத்தில் நிற்கும் விமானத்தாலோ உறுதிசெய்யாமல் பூசும் வண்ணம் இடைச்செருகலே. 1965இல் வெள்ளி நிறத்தில் பறந்த படையணியை 1971இன் உருமறைப்பு வண்ணத்தில் காட்டினால், பார்ப்பவர் அதையே சான்றாகக் கொள்வார். அழகான பிழை கரடுமுரடான பிழையைவிட நீண்ட காலம் வாழும்.

இன்னொரு கேள்வியும் எஞ்சுகிறது. தேய்த்து அழித்த புடைப்புக் கோடுகளும் ஓர் ஆவணமே. 1960களில் ஒரு செதுக்குநர் எதைக் கண்டார், எதைக் காணவில்லை என்பதை அவை சொல்கின்றன. எனவே பழைய தொகுப்பு ஒன்றைத் திருத்தும்போது இன்னொன்றைப் பெட்டியிலேயே விட்டுவைக்கும் வழக்கம் சேகரிப்பாசையால் மட்டும் வருவதன்று. திருத்திய பாடத்தை நம்ப வேண்டுமெனில் மூலப்படியும் கைக்கெட்ட வேண்டும்.

2020இல் சூலூரில் தேஜஸுடன் மீண்டும் இயங்கத் தொடங்கிய படையணியின் முதல் விமானத்தைக் கையளவில் காண விரும்பும் மாணவர், பிரிட்டிஷ் நினைவிலிருந்து 13 மில்லிமீட்டரை அறுத்தெடுத்தே அதை அடைகிறார். அந்த அறுப்புக் கோடு புட்டியால் மறைந்துபோகலாம். அது எங்கே, ஏன் இடப்பட்டது என்ற குறிப்பு மாதிரியின் அடித்தட்டிலாவது எழுதப்பட்டிருத்தல் நன்று.