பாலத்துக்கு அந்தப் பக்கம் எடுத்த படம்

‘நினைத்தாலே இனிக்கும்’ நல்ல படம் இல்லை. முதல்லயே சொல்லிடுறேன், அப்புறம் சண்டைக்கு வரக்கூடாது. கே. பாலசந்தரின் ‘அவள் ஒரு தொடர்கதை’, ‘அபூர்வ ராகங்கள்’ பக்கத்தில் வைத்தால் அது நிற்காது. கதை சுஜாதாவுடையது. ஆனாலும் ஒரு பாட்டுக்குழு சிங்கப்பூருக்குப் போகிறது, நடுவில் கடத்தல்காரர்கள் வருகிறார்கள், நாயகிக்குத் தீராத நோய் என்று எதுவும் எதோடும் ஒட்டாமல் போய்க்கொண்டிருக்கும். கதை நகருதே என்று நிமிர்ந்து உட்கார்ந்தால் அடுத்த பாட்டு வந்துவிடும்.

எத்தனை முறை பார்த்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

1979 ஏப்ரல் 14இல் வெளியான படம். அதற்கு முன்பே ‘உலகம் சுற்றும் வாலிபன்’ (1973) சிங்கப்பூரைக் காட்டியாயிற்று. சுஜாதாவின் லண்டன் நாவலான ‘ப்ரியா’வையும் 1978இல் இந்தப் பக்கம் இழுத்து வந்துவிட்டார்கள். தமிழ்நாட்டு ரசிகனுக்கு இதெல்லாம் வெளிநாடு. ஜொகூர்க்காரனுக்கு அப்படி இல்லை. ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான பாலம், அவ்வளவுதான். 1965இல் இரண்டு நாடுகள் ஆயின. 1967இல் குடிநுழைவுச் சோதனை வந்தது. 1973 வரை இரண்டு நாட்டு வெள்ளியும் சரிக்குச் சரி செல்லுபடியானது, பிறகு அதுவும் போயிற்று. குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு ஐசியோடு தோட்டங்களில் தங்கிவிட்டவர்களுக்கு மலேசியக் கடப்பிதழ் கிடையாது. என் பாட்டியும் அதில் ஒருத்தி. நீரிணை ஓரம் நின்று அந்தக் கரையின் விளக்குகளைப் பார்க்கலாம், போக முடியாது.

இந்தப் படத்தில் கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்று வரியை எடுத்துக் கண்ணதாசன் எழுதிய பாட்டு ஒன்று உண்டு. எம்.எஸ்.வி. இசையில் எவ்வளவு குஷியாக வருகிறது! எல்லா ஊரும் நம் ஊர் என்று சென்னையிலிருந்து விமானம் ஏறி வந்தவர்கள் பாடுகிறார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஐசி கலர் பார்த்துக்கொண்டிருந்த சனத்துக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? எரிச்சலாக இருந்திருக்கும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாட்டி கூடவே முணுமுணுப்பாள்.

படத்தின் பெரிய குறை கதை ஓட்டை இல்லை என்பேன். துறைமுகத்திலும் ரயில்வேயிலும் தலைமுறைகளாக உழைத்த தமிழர்கள் இருக்கிற ஊரில், படத்துக்கு அவர்கள் தேவைப்படவே இல்லை. ஊர் வெறும் பின்திரை. இதைச் சொல்லித் திட்டிவிட்டு மறுபடி பார்க்க உட்காருவேன், அதுவும் உண்மை.

ஏனென்றால் ரஜினி. சிகரெட்டைத் தூக்கிப்போட்டு வாயில் பிடிக்கும் பந்தயம். ஜெயித்தால் கார், தோற்றால் விரல். எதிரில் பூர்ணம் விஸ்வநாதன். ஒன்பது முறை பிடித்தவர் பத்தாவதுக்கு வேண்டாம் என்று எழுந்துவிடுவார். ரோல்ட் டாலின் ‘மேன் ஃப்ரம் தி சௌத்’ கதையிலிருந்து வந்தது இது. ஜமைக்காவில் நடக்கும் கதை, அங்கே சிகரெட் இல்லை, லைட்டர். அந்தக் கதை முடிவது பயத்தில். இங்கே ஜெயிக்கப்போகிறவனே ஆட்டத்தை விட்டு எழுந்துபோகிறான். அந்த மாற்றத்துக்காகவே பாலசந்தருக்குப் பாதிப் படத்தை மன்னிக்கலாம்.

எங்கள் வீட்டில் இது வீடியோ டேப்பில் ஓடியது. சாங்கி விமான நிலையம் 1981, எம்ஆர்டி 1987. இரண்டுக்கும் முந்தைய சிங்கப்பூர் அந்த டேப்பில் இருந்தது. அப்பா விடியுமுன் பாலம் தாண்டி ஃபேக்டரி வேலைக்குப் போய்வந்தவர். கமலும் ஜெயப்பிரதாவும் கைகோர்த்து நடக்கும்போது டேப்பை நிறுத்திவிடுவார். காதலுக்காக இல்லை. பின்னால் போகிற பஸ்ஸின் நம்பரைப் படிக்க.

“இவனுங்க இந்தப் பக்கம் திரும்புனா அந்த ரோடு வராதுடா,” என்பார். பிறகு ரீவைண்ட் செய்து இன்னொரு தடவை பார்ப்பார்.